படியிறங்காத மூன்றாம் மாடிக்காரி

புருஷனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாளாம், அந்தக் கட்டடத்தில் பேச்சு. ஒளிகிறவள் வாசல் கதவை ஒட்டி ஸ்டூல் போட்டா உட்காருவாள்? மூன்றாம் மாடிக்குக் குடிவந்து பத்து நாளாகியும் படியிறங்கவில்லை. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவள் காத்திருந்தது இன்டர்நெட் ஆளுக்கு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் பிழைப்பு. திங்கட்கிழமைக்குள் வீட்டில் லைன் வராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள் ஆள் வரும், வீட்டிலேயே இருங்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மிக்சி ஓடாது. குழாயைக்கூட நூலாகத்தான் திறப்பாள். வெங்காயம் நறுக்குவதும் கதவோரம்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வாயில் சோற்றோடு எழுந்துவிடுவாள். இழுத்து நடப்பது எதிர்வீட்டு வாத்தியார், இரண்டிரண்டு படியாகத் தாவுவது அவர் மகள், நின்று நின்று ஏறுவது கீழ்வீட்டு அக்கா. கட்டடத்தையே காதால் பழகியவளைத்தான் யாரோடும் பழகாதவள் என்றார்கள்.

ஜன்னலோரம் போனால்தான் போனில் சிக்னல் வரும். போனபோதெல்லாம் கம்பெனியிலிருந்து ஒரே செய்தி: வந்தோம், ஆள் இல்லை. மூன்றாவது முறை அதைப் படித்தபோது தன் காதையே சந்தேகப்பட்டாள். காது போனால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

சனிக்கிழமை மதியம் கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து, கதவருகே குரலைத் தாழ்த்தினாள்.

"பயப்படாதம்மா, நாங்க இருக்கோம். ஒன் புருஷன் அனுப்பின ஆளு மூணு தடவ பையும் கையுமா வந்தான். அப்படி யாருமே இங்க இல்லன்னு கீழ் வாசல்லயே வெரட்டிட்டேன். இப்பப் பாரு, தெருமுனைக் கம்பத்துல ஏணி போட்டு ஏறி வேவு பாக்கறான்."

"அக்கா, என் புருஷன் கப்பல்ல இருக்காரு. நீங்க வெரட்டினது இன்டர்நெட்காரர."

செருப்பைக்கூடத் தேடவில்லை. கதவை விரியத் திறந்துபோட்டு, வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கித் தெருமுனைக்குப் போனாள். விலாசத்தைச் சொன்னதும் ஏணியின் மேலே இருந்தவர், அந்தப் பதிவை ரத்து செய்தாகிவிட்டது, இனி புதிதாகப் பதிந்தால் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றார்.

அவள் வாதாடவில்லை. நெடுநாள் சிநேகிதியின் கையைக் கோத்துக்கொள்வதுபோல, ஏணியின் கீழ்ப்படிக்குள் கையை நுழைத்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா எறங்குங்க தம்பி. நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."