அகலம் பொருந்தாத தேவாலயம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில் ஒரு கட்டிட அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை எனக்கு. அடிக்கணக்கு போய் மீற்றர் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் பிழைகளையெல்லாம் அதன் தலையில் போட்டுத் தப்பித்துக்கொள்வோம்.

மெல்பேர்னை அடுத்த வெரிபீ என்ற ஊருக்கு அப்பால், ஓர் ஆட்டுப் பண்ணையின் நடுவில் சின்னத் தேவாலயம் ஒன்று நின்றது. இங்கிலாந்துக் கிராமமொன்றில் பாழடைந்து கிடந்த அறுநூறு வருடக் கட்டிடத்தைப் பண்ணையின் பழைய முதலாளி வாங்கி, ஒவ்வொரு கல்லிலும் இலக்கம் வெட்டி, கப்பலில் கொண்டுவந்து அதே ஒழுங்கில் அடுக்கியிருந்தார். இப்போது கூரை ஒழுகியது. திருத்த வரைபடம் வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க மனைவியையும் கூட்டிப்போனேன்.

கூர்வளைவு வாசல், முரட்டுச் சுவர், ஒடுங்கிய யன்னல்கள். சுவர்களின் தடிப்பைக் கழித்தும், வெளியே அளந்த அகலம் உள்ளே ஒன்றரை மீற்றர் குறைந்தது. மூன்று தரம் அளந்தோம். அதே குறைவு.

வடக்குச் சுவரின் வெளிப்புறம், செடிப் பற்றைக்குப் பின்னால் நாலைந்து கற்கள் விழுந்திருந்தன. தவழ்ந்து நுழைந்தேன். ஒருவர் முழந்தாளிடப் போதுமான இடம். கண்ணுக்கு நேரே ஒரு பிளவு. அதனூடாகப் பீடம் மட்டும் தெரிந்தது. பிளவின் அடிக்கல்லில் தேய்ந்த இரண்டு குழிகள். முழங்கைகளை வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தின.

பீடத்தடியிலிருந்து மனைவி கேட்டாள்: “என்னப்பா, உள்ளுக்க ஆரோட கதைக்கிறியள்?”

“நான் வாயே திறக்கேல்லை.”

“பகிடி விடாதேங்கோ. ஒரு பொம்பிளை முணுமுணுக்கிறது கேக்குது.”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இடது காதோரம் சூடான மூச்சு பட்டது. கைகளை எடுக்க நினைத்தும் சிறிது நேரம் எடுக்க முடியவில்லை. வெளியே வந்தபோது அவள் காருக்குள் இருந்தாள்.

அந்தத் தேவாலயம் எழுந்த காலத்தில் இங்கிலாந்தில் சில பெண்கள் தங்களை உயிரோடு சுவருக்குள் அடைக்கச் சொல்லி, சாகும்வரை செபித்தார்கள் என்று அலுவலகத்தில் மேலாளர் சொன்னார். இப்போதைய பண்ணைக்காரர், கற்கள் விழுந்த அந்தத் துவாரத்தை மறுபடி கல் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார். நான் அந்த இடத்தில் ஒரு கதவு கீறினேன்.

“இது எதற்கு?” என்றார் மேலாளர்.

“வெளியே வர.”

அவர் சிரித்தார், ஆனால் அழிக்கவில்லை. பண்ணைக்காரரும் மறுக்காமல் கதவைப் போட்டுவிட்டார் என்று பிறகு அறிந்தேன். திறந்து பார்க்க நான் போகவில்லை.