ஜெயித்த சத்தம்

நேற்று தொலைக்காட்சியில் ஹாக்கி அரையிறுதி. இரண்டு கோல் பின்தங்கியிருந்த நம் அணி திருப்பி அடித்து ஜெயித்ததும் வீடே கத்தியது. எனக்கு மட்டும் பழைய பயம் ஒன்று திரும்பி வந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் நான் சின்னப் பெண். ஹார்பரில் மூட்டை தூக்கிய நைனாவுக்கு ஹாக்கி என்றால் உயிர். மைதானத்துக்கு என்னையும் அழைத்துப்போவார். அன்று தோற்றுக்கொண்டே வந்த எங்கள் அணி, கடைசி நிமிஷத்தில் ஜெயித்தது. எல்லோரும் துள்ளினார்கள். நைனா மட்டும் அப்படியே பின்னால் சாய்ந்தார். கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை.

“எய்ந்திரு நைனா” என்று உலுக்கினேன். விசில் சத்தத்தில் என் அழுகை யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். குனிந்து பார்த்தவர், “டேய், சோடா எடுத்தாங்கடா” என்று அலறினார்.

சோடாவை முகத்தில் அடித்ததும் நைனா மெல்ல இமைத்தார்.

“இன்னாத்துக்கு அய்வுற கண்ணு? ஜெயிச்சிட்டோம்ல?”

அதற்குப்பின் அம்மா அவரை மைதானத்துக்கு விடவில்லை. தெருமுனையில் நின்று, திரும்பி வருபவர்களிடம் முடிவைக் கேட்பார். ஜெயித்தோம் என்று யாராவது சொன்னால் நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

நேற்றும் சத்தம் அடங்கும்வரை என் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.