நாற்பத்தெட்டு விதைப்பந்துகள்

விதைப்பந்து செய்வது எப்படி என்று கைப்பேசியில் நான்கு நிமிடம் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டாவது வயதில் சுற்றுச்சூழல் நிபுணனாகிவிட்டவன் நான். வீட்டில் ஒரு அலமாரி நிறைய காடுகளைப் பற்றிய புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிரித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

சேலத்தில் நான் நடைப்பயிற்சி போகும் பூங்காவின் ஓரத்தில் தட்டை தட்டையாகக் காய்ந்து தொங்கிய காய்களை உடைத்து விதை எடுத்தேன். என்ன மரம் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை. மரம் என்றால் மரம்தானே? மண்ணும் சாணமும் பிசைந்து நாற்பத்தெட்டு உருண்டைகள் பிடித்து மொட்டை மாடியில் காய வைத்தேன். அந்த வாரம் முழுக்க மனைவி மாடிப்பக்கம் வரவில்லை.

கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவில் கடலில் தீவு போல ஒரு பழைய சோலை மிஞ்சியிருக்கிறது. உள்ளே ஓர் ஊற்று. சோலையைப் பழையபடி மீட்டெடுக்க ஊர்ப்பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள் அவர்கள் வீடுகளில் தங்கி, களி சாப்பிட்டு, காலையில் கூடவே போய்க் களை பிடுங்கலாம். நாங்கள் தங்குவதற்குக் கொடுக்கும் பணம்தான் மற்ற மாதங்களில் களை எடுப்பவர்களுக்குக் கூலி.

அப்படிப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே, உருண்டைகளை எடுத்துக்கொண்டு, வேலிப் படலைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போனேன். பெயர் சொல்லாமல் தானம் செய்பவனின் முகத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டையும் இடமும் வலமுமாக வீசிவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, குழுவை நடத்தும் பெண்மணி எங்களைச் சோலைக்குக் கூட்டிப் போனார். என் வயதுதான் இருக்கும். வேலையைத் தொடங்குமுன் விஷயத்தைச் சொன்னார். ஆட்டுக்குத் தழையாகும் என்று எந்தக் காலத்திலோ வேலியோரம் நட்ட சவுண்டல் மரம் உள்ளே புகுந்து பாதிச் சோலையை விழுங்கிவிட்டதாம். மூன்று வருடமாகப் பிடுங்கி, இப்போதுதான் தரை தெரிகிறது, ஊற்றும் கசிகிறது. ஆனால் வெளியாட்களை உள்ளே விட ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தார்கள்: சுத்தம் செய்த இடத்தில் வந்தவர்களால் ஏதாவது கெட்டால் சோலைக்குப் போகும் பாதையை மூடிவிட வேண்டும். பாதை மூடினால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் அடுத்த மழையோடு சவுண்டல் திரும்பி வந்துவிடும்.

"இதுதானுங்க அது. எங்கயாச்சும் பாத்தா உடனே சொல்லுங்க" என்று மடியிலிருந்து ஒரு காய்ந்த காயை எடுத்துக் காட்டினார்.

தட்டையான காய். என் பூங்காக் காய்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. பேசாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றும் யோசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் உருண்டைகள் கரைந்து விதை முளைத்துவிடும். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எத்தனைங்க?"

"நாற்பத்தெட்டு."

"எங்கெங்க போட்டீங்க?"

நான் கையை நீட்டி ஒரு முழு வட்டம் அடித்தேன்.

வரிசையாக உட்கார்ந்து சருகை விலக்கித் தேடினோம். மதியத்துக்குள் முப்பத்தொன்று கிடைத்தது. அப்போது பார்த்து ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் வேலியோரம் வந்து நின்று, எல்லோரும் குனிந்து என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். பெண்மணி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"சாரு கண்ணாடிய தொலச்சுப்புட்டாருங்க."

கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெரியவர் கொஞ்சம் இரக்கப்பட்டு, தானும் நாலு சருகைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதுவரை நான் கண் தெரியாமல் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தபோது முப்பத்தொன்பது சேர்ந்திருந்தது. மீதி ஒன்பது உள்ளேயே கிடந்தது. அன்று நான் தங்கியிருந்த வீட்டின் தகரக் கூரை மேல் பெய்த மழையைப் போல எந்த மழையும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

ஊர் திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் அவருக்குப் போன் செய்து, ஏதாவது முளைத்ததா என்று கேட்பேன். இன்னும் இல்லீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கறோம் என்பார். ஒன்றரை மாத மழைக்குப் பிறகு அவரே கூப்பிட்டார்.

"ஒம்பதும் ஆப்புட்டுருச்சுங்க. இத்தன மழைக்கும் ஒண்ணுகூட கரையல, போட்டது போட்டபடியே கெடந்துச்சு" என்றார். கண்ணில் நீர் முட்டியது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உள்ள என்ன இருக்குன்னு ஒடச்சுப் பாக்கலாம்னா சுத்தியல் வேணும்ங்குது. ஏனுங்க, அதுல சிமெண்டு ஏதாச்சும் கலந்தீங்களா?"