தம்பி ஊற்றிய ஆயில்

லாண்ட்ரி அக்காவின் வாய் கெட்ட வாய் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடும், அவ்வளவுதான். அந்த வாயால் பெரிய நஷ்டம் என்று வந்தது ஒரே ஒரு தடவை. கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவள் தம்பி, அப்போது அவர்களிடம் இருந்த பழைய வேனுக்கு பிரேக் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் அவன் மனைவியும் மாமனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "நீ மாட்டின பிரேக் கத்துதுடா" என்றாள். பிரேக் கத்தியது உண்மை. தம்பி மூன்று வருடம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவன் திரும்பி வந்ததே அம்மா போனில் மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் பேசியதால்தான். "அவன் ஏதாவது செஞ்சா, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு. வேற வாயே திறக்காதே" என்று அம்மா முன்கூட்டியே அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

தம்பி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேறெங்கோ தேய்த்தது. அதை அக்காவின் கணவர் மட்டும் கவனித்தார், தொழில் அப்படி. கடையின் பின்பக்கம், இஸ்திரி மேஜைக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிற மனிதர். பேச்சு குறைவு. பேச வேண்டியதையெல்லாம் மனைவி பேசிவிடுவதால் அவருக்குப் பெரிதாக வேலை மிச்சமில்லை.

கடை மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. மேட்டு உச்சியில் பெரிய விடுதி. அங்கே போகிற பாதையில் வேன் நுழையாது. அதனால் வேனை விற்றுவிட்டு ஒரு ஏ.டி.வி. வாங்கியிருந்தார்கள். நான்கு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், கியர் மாற்றுகிற வேலையே கிடையாது; கைப்பிடியை முறுக்கினால் போகும். பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். அக்கா அதற்கு வைத்த பெயர் குண்டு வண்டி. துவைத்து மடித்த படுக்கை விரிப்பும் துண்டும் மதியத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடையில் பாதி வேலைக்கு மேல் விடுதியின் துணிதான்.

"அக்கா, இதுக்கு எப்ப ஆயில் மாத்தினே?" என்று தம்பி கேட்டான்.

"மாத்தணும்டா, நேரமே இல்ல."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவன் காரிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தான். அவன் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற கார்களிலேயே உசத்தியான கார்களுக்கு மட்டும் ஊற்றுவது. "தண்ணி மாதிரி ஓடும். உள்ள எதுவும் எதோடயும் உரசாது. பெட்ரோல் மிச்சம். மத்தவங்களுக்கு நான் இத காட்டக்கூட மாட்டேன்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு பழைய எண்ணெயை வடித்தான், ஃபில்டரை மாற்றினான், புதியதை ஊற்றினான். கடை முன்னால் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். வண்டி பூனை மாதிரி போயிற்று.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. அம்மாவிடம் செய்த சத்தியம். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

பிரச்சனை மறுநாள் மேட்டில் ஆரம்பித்தது. பாதி ஏற்றத்தில் எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே யோசித்துக்கொண்டிருக்கிறது. அக்கா இறங்கித் துணி மூட்டையைப் பாதி இறக்கி ஓரமாக வைத்தாள். பாதிச் சுமையோடு வண்டி முனகிக்கொண்டே ஏறிற்று. மறுபடி வந்து மீதியை எடுத்துப் போனாள். விடுதி மேனேஜரம்மா முதல் நாள் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் நாள் சொன்னார்: "ரூம் ரெடியாகலன்னு வந்தவங்க சோபால உக்காந்திருக்காங்க. இப்படியே போனா நான் வேற ஆள் பாக்கணும்மா."

"பாரம் ஜாஸ்தியோ என்னமோ" என்றார் கணவர்.

"போன மாசமும் இதே பாரம்தாங்க."

"அப்ப ஆயில்தான்" என்றார் அவர், ஒரு தலையணை உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "மாப்ளைகிட்ட சொல்லப் போறியா?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு வேறு ஆயில் வாங்கக் கிளம்பினாள். அவள் பதில் சொல்லாமல் இருந்ததை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்: "கியர் இல்லாத வண்டியா? அப்ப ஸ்கூட்டர் ஆயில் எடுத்துக்குங்க." டப்பாவை மேஜையில் வைத்த பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. "க்ளட்ச் ஆயிலுக்குள்ள ஓடுதா, வெளியில ஓடுதா?"

"க்ளட்ச்சே இல்லைங்க. முறுக்கினா போகும்."

"உங்க கைக்குத்தான் க்ளட்ச் இல்ல. உள்ள இருக்கும். வண்டியோட கொடுத்த புத்தகத்தப் பாருங்க."

புத்தகம் வண்டியின் சீட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அந்த வண்டியில் க்ளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறதாம். அதன் தகடுகள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்தால்தான் வண்டி நகரும். உரசவே கூடாது என்று செய்த கார் ஆயிலை ஊற்றினால் கவ்வுகிற இடமெல்லாம் வழுக்கிவிடும். சமதரையில் தெரியாது, மேட்டில் பாரம் ஏறும்போது தெரியும். க்ளட்ச் வெளியில் ஓடுகிற ஸ்கூட்டருக்கு எம்.பி. என்று போட்ட ஆயில். இதற்கு டப்பாவில் எம்.ஏ. என்று போட்டிருக்க வேண்டும்.

"எம்.ஏ.வா?" என்றார் கணவர். "நம்ம வீட்ல யாரும் அவ்வளவு படிக்கலையே."

தம்பி கை கறுக்க ஊற்றிய ஆயிலை அவளே வடித்து எம்.ஏ. போட்டதை ஊற்றினாள். வண்டி பாதி குணமாயிற்று. க்ளட்ச் தகட்டில் ஊறியிருந்த பழசு கழுவிப் போக வேண்டுமே. சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தரமும் மாற்றினாள். அதன் பிறகு முழுச் சுமையோடு மேடு ஏறிற்று. தம்பியின் டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அலமாரியில் துடைத்து வைத்தாள். தன்னுடையதை ப்ளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

தம்பி வந்தபோது அவள் மேலேயிருந்து காலி டிரெய்லரோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"முழு லோடா ஏத்தினே? ஒரே நடையா?" அவள் தலையாட்டியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா மாமா? இதான் ஆயில்!"

"ம்" என்றார் மாமா.

"விடுதியிலயும் இதே வண்டி ஒண்ணு இருக்கில்ல, பெட்டி தூக்கறதுக்கு? வர்ற வழியில மேனேஜரம்மாவப் பாத்தேன். எங்க அக்கா வண்டிக்கு ஊத்தினதையே ஊத்தறேன்னுட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அக்கா அவசரமாக வண்டியிலிருந்து இறங்கினாள். "அவங்க வண்டி வேறடா."

"அதே வண்டிதான்க்கா."

"அவங்களுக்கு எதுக்கு இவ்வளவு உசத்தி ஆயிலு?"

"உனக்கு நல்ல பேரு வரட்டுமேன்னுதான்."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். துணி தீய்ந்தால்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறவர் இல்லை. அக்கா அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"டேய் தம்பி, அந்த வண்டில இப்ப ஓடறது உன் ஆயில் இல்லடா."

"பின்ன?"

"மாத்திட்டேன். மேட்டுல ஏறல. க்ளட்ச் வழுக்குது."

தம்பி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்திட்டே."

"ரெண்டு தடவை" என்றாள் அக்கா. சொல்லியிருக்க வேண்டாம். கேட்டால் சொல்லிவிடுகிற வாய், கேட்காமலும் சொல்லிவிட்டது.

"ரெண்டு தடவையா!"

அவன் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊற்றி வைத்த டீயை மாமா குடித்தார்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். "என்னடி சொன்னே அவன? இங்க வந்து கல்லு மாதிரி உக்காந்திருக்கான்."

"உண்மையச் சொன்னேன்."

"யாரு கேட்டா உன்ன?"

மறுநாள் மேனேஜரம்மா, "உங்க தம்பி வரேன்னாரே, காணோமே" என்றார். அதற்கடுத்த நாளும் கேட்டார். அக்கா போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இந்தத் தடவை எத்தனை வருடமோ என்று கணவரிடம் கேட்டாள். போன தடவை பிரேக்குக்கு மூன்று, எஞ்சின் அதைவிடப் பெரிய விஷயம் என்றார் அவர்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, முழுச் சுமையோடு விடுதி வாசலில் போய் நின்றபோது, அங்கிருந்த வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தம்பியின் செருப்பு. வடிந்த எண்ணெய் ஒரு தட்டில். பக்கத்தில் ஒரு புது டப்பா, எழுத்து சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தது. அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எம்.ஏ.

"யாரது, அக்காவா?" கால்கள் பேசின.

"ஆமாடா."

"இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் கார் ஆயில் ஊத்தவே கூடாதுக்கா. பல பேருக்குத் தெரியறதில்ல."

அக்கா மூட்டையை இடுப்பில் சரித்துக்கொண்டாள். "ஏன்டா?"

அவன் சொன்னான். க்ளட்ச் எங்கே கிடக்கிறது, எது எதைக் கவ்வுகிறது, எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். நடுவில் ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னான். அக்காவின் உதடு திறந்தது. மூட்டையிலிருந்து நழுவிய ஒரு துண்டை எடுத்து மடித்தாள்; மடித்து முடித்ததும் இன்னொரு தரம் பிரித்து மடித்தாள்.

தம்பி வெளியே வந்து கையைத் துடைத்தான். "சாவியக் குடு. உன் வண்டியையும் பாத்துடறேன். என்னத்த ஊத்தி வச்சிருக்கியோ."

"எல்லாத்தையும் வடிச்சுட்டுப் புதுசா ஊத்திடறியா?"

"பின்ன?"

நான்கு நாளைக்கு முன்னால்தான் அக்கா அளவு பார்த்திருந்தாள். எண்ணெய் தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேனேஜரம்மாவைத் தேடி உள்ளே போனாள்.