பன்னிரண்டாயிரத்தில் நடந்த வீடு

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. கோவில்பட்டியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நான்கில் வேலையை விட்டேன். அதே துறையில் என்னைவிட இரண்டு வயது இளைய நண்பர் ஒருவர் இருந்தார். மூன்று மாதத்தில் அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் விட்டதற்கு நான்தான் காரணம்.

சீக்கிரம் ஓய்வு பெறுவது என்ற ஆசை எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் பிடித்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தோம்: வருஷச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு சேர்ந்துவிட்டால் வேலைக்குப் போக வேண்டாம். அதிலிருந்து மாதம் ஒருமுறை, ஞாயிறு காலையில் கதிரேசன் மலைப் பக்கம் நடக்கப் போகும்போது, இருவரும் சேமிப்பையும் செலவையும் தாளில் எழுதி வந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

என் செலவு மாதம் பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருப்பேன்.

"எப்படி அண்ணாச்சி? காத்தையா குடிக்குதீங்க? எனக்கு இருபதுக்குக் கொறைய மாட்டேங்கு."

"நீரு ஞாயித்துக்கிழமை கறிக்கடையில போய் நிக்கிறதக் கொறையும்வே. தானா எறங்கும்."

சிரித்தார். அடுத்த மாதம் பதினேழு என்று எழுதி வந்தார். அதற்கடுத்து பதினைந்து.

உண்மை என்னவென்றால், என் மனைவிக்குக் கழுகுமலையில் தீப்பெட்டி செய்யும் ஆபீசுக்கு வாடகைக்கு விட்ட ஒரு கட்டடம் இருந்தது. அவள் அப்பா எழுதி வைத்தது. மகனுடைய கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரி, நல்லது கெட்டதுக்குச் செய்வது எல்லாம் அந்த வாடகையில் போனது. உளுந்தும் வத்தலும் நல்லெண்ணெயும் அவள் அண்ணன் வீட்டிலிருந்து வந்துவிடும். என் பையிலிருந்து போனது பன்னிரண்டாயிரம்தான். அதனால் பொய் எழுதவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் இருப்பதை இருக்கிறபடி யாரும் சொல்வதில்லை. கண் பட்டுவிடும் என்ற பயம். உளுந்து நன்றாகக் காய்த்திருக்கும். வெள்ளாமை எப்படி என்று கேட்டால், "என்னத்த, விதைக்குத் தேறும்" என்பார்கள். கேட்கிறவரும் அதை மனசுக்குள் நாலு மடங்காக்கிக்கொள்வார். நண்பரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான், வாயால் சொல்லியிருந்தால் பெருக்கித்தான் பார்த்திருப்பார். நான் தாளில் எழுதிக் காட்டினேன். அதை அவர் அப்படியே நம்பினார்.

கண்ணேறு மட்டும் காரணமில்லை. கொஞ்சத்தில் குடும்பம் நடத்தும் கெட்டிக்காரன் என்று அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை இருபத்தைந்தால் பெருக்கினால் முப்பத்தாறு லட்சம். பதினைந்தையும் பன்னிரண்டுக்கு இறக்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அவரிடம் முப்பத்தெட்டு இருந்தது. வேலையை விடப் போகிறேன் என்றார்.

அவர் மனைவி ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, வேலைய விடப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. உங்க வீட்டுல பன்னெண்டாயிரத்துல நடக்குதாம். உனக்கு மட்டும் ஏன் முடியலன்னு தெனமும் சண்ட. நெசமாவே முடியுமா? நீங்க சொன்னா நான் வாயத் தொறக்கல."

என் மனைவி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். வாடகையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

"சிக்கனமா இருந்தா முடியும்மா" என்றேன்.

அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்: "எங்க அப்பா கட்டடத்தச் சொன்னா உங்க கிரீடம் எறங்கிருமோ?"

முதல் நாலைந்து வருஷம் நண்பருக்கு எப்படியோ ஓடியது. மகள் கல்யாணத்துக்குச் சேமிப்பிலிருந்து எடுத்தார். மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சைக்கு எடுத்தார். மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டிவந்ததைச் செலவைக் குறைக்க வேண்டித்தான் நிறுத்தியிருந்தார். என் தாளில் அப்படி ஒரு செலவே இல்லையே. எங்களுக்கு அதைக் கட்டியது வாடகைப் பணம்.

அறுபத்து நான்கு வயதில் இப்போது அவர் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டுக்குப் போகிறார். குழந்தைகளுக்கான கவுன்களை டஜன் டஜனாகக் கட்டும் இடத்தில் நின்று எண்ணிக்கை எழுதும் வேலை. காலை ஏழு மணிக்கு பஸ். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தல அண்ணாச்சி. உங்கள மாதிரி வரல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாடகை, உளுந்து மூட்டை, காப்பீடு எல்லாவற்றையும் சொன்னேன். சுமாராக இருபத்தையாயிரத்தில் நடந்த வீடு எங்களுடையது என்றேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, இங்கன வா. அண்ணாச்சி ஒண்ணு சொல்லுதாவ, நீயும் கேளு."

அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது கஷ்டமாக இருந்தது. முடித்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கணவரைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் ஊதாரி இல்ல. அப்படித்தான?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பன்னெண்டு வருசமா சொன்னீகளே. ஒரு கிலோ தக்காளிக்குக் கணக்குக் கேட்டீகளே. இல்லன்னு சொல்லுங்க."

"இல்ல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. மகளுக்கும் போன் போட்டுச் சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. நான் எழுந்து வெளியே வந்தேன்.

நான் சொன்னதால் அவர் கையிருப்பு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. பிறகு நான் கொடுக்கப் போன தொகையை அவர் வாங்க மறுத்துவிட்டார். திங்கட்கிழமை அதே ஏழு மணி பஸ்ஸில்தான் போனார்.