மணலில் ஊற்றிய கஞ்சி

கதீஜா படிப்பை நிறுத்தியதற்கு அவள் வீட்டாரே காரணம் என்று சொன்னேன். பொய். காரணம் நான்!

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில், சங்குக் கிடங்கை ஒட்டிய கொட்டகையில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினேன். இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பண்டிகை வந்தால் அந்த வீட்டுப் பண்டத்தை எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டும் என்பதும் நான் வகுத்த விதிதான். மேடை கிடைத்தால் போதும், சமரசம் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன்... வெட்கமில்லாமல்!

கதீஜா, சங்கு குளிக்கும் காசிமின் மனைவி. தன் தெருவிலிருந்து முதலில் வந்தவள். அவளைப் பார்த்து மேலும் நால்வர் வந்தார்கள். கொழும்பிலிருக்கும் தம்பிக்குத் தன் கையால் கடிதம் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. பாதி எழுத்துகள் படித்துவிட்டாள்.

நோன்பு மாதத்தில் ஒரு மாலை கஞ்சியோடு வந்தாள். நான் சைவம் என்பது அவளுக்குத் தெரியும்.

"கறி போடல அண்ணாச்சி. சட்டியும் புதுசுதான்," என்றாள்.

நோன்பு திறக்க அவள் வீட்டுக்குக் கிளம்பியதும் மற்றவர்கள் குடித்தார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை... குடித்துப் பார்த்தேனா? அதுகூட இல்லை! என் பங்கைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் மணலில் ஊற்றினேன். அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. நிமிர்ந்தால், பாதி வழியில் சிலேட்டு ஞாபகம் வந்து திரும்பிய கதீஜா வேலியருகே நின்றிருந்தாள். கொட்டகைக்குள் போய், வகுப்பில் கொடுத்த சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அந்த நால்வரும் நின்றுவிட்டார்கள்.

வகுப்புக்கு உதவிய பெரியவர்கள் கூடி, ஏன் என்று கேட்டார்கள்.

"அவங்க வீட்ல பொம்பளையளப் படிக்க விட மாட்டாங்க," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்! எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பட்ட பாட்டைப் பாராட்டவும் செய்தார்கள்.

வாசலில் காசிம் நின்றிருந்தார். வகுப்புச் சிலேட்டைத் திருப்பித் தர வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து என்னிடம் சொன்னார்:

"அவளப் படிக்கப் போன்னு அனுப்புனதே நாந்தான, அண்ணாச்சி."

அப்போதாவது ஓடிப்போய்ப் பெரியவர்களைத் திரும்ப அழைத்திருக்கலாம் அல்லவா? நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

அவர் சொல்லவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன... அந்தத் தெருவைப் பற்றி ஊர் இன்னும் நான் சொன்னதையே சொல்கிறது. காசிம் அதைக் கேட்டும் தலை குனிந்து நடந்து போகிறார். நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.