பாடகர் படத்துக்கு நான் போட்ட மாலை

அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்கிற ஊரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டிலிருந்த வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் பெரிய ராக் அண்ட் ரோல் பாடகர் என்பதை அப்பா சொல்லித்தான் நம்பினேன். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வருவதற்குள் மூன்று தடவை நின்றுவிடுவார். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். அப்பாவோ அவரை எதிரில் கண்டால் அசடு வழிவார். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் அவருடைய கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவராம். ஊர் மதிக்கிற நுரையீரல் டாக்டர், இவர் முன்னால் மட்டும் பத்தாம் வகுப்புப் பையன்.

எனக்கு எட்டு வயதானபோது, பல வருட இடைவெளிக்குப் பிறகு, அங்கிள் ஒரு புது ஆல்பம் பாடி வெளியிட்டார். பழையபடி இசைத்தட்டாகவும் வந்தது. அதன் உறையை அப்பா ஃபிரேம் போட்டார். உறை முழுக்க அவர் முகம்தான், கறுப்பு வெள்ளையில், கண்களை மூடியபடி. எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் வெறும் அட்டை. உள்ளே மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சட்டம் தாத்தா படம் தொங்கிய இடம். அதற்கு நேர் கீழே மாட்டிவிட்டார்.

தாத்தா படத்துக்குச் சந்தன மாலை உண்டு. அம்மா ஊரிலிருந்து ஜோடியாக வாங்கி வந்ததில் இன்னொன்று அலமாரியில் சும்மா கிடந்தது. பிடித்தவர்களுக்குச் செய்கிற அலங்காரம் அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருவருக்குப் போட்டு மற்றவருக்குப் போடாமல் விடுவது ஓரவஞ்சனை இல்லையா? அங்கிள் சாப்பிட வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாற்காலியில் ஏறி மாலையை மாட்டினேன். குறை வைப்பானேன் என்று கண்ணாடிமேல் குங்குமமும் வைத்தேன்.

பிறகு இசைத்தட்டை ஓடவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டுகள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். பாதி பாட்டு, பாதி மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால், யாரோ மாடிப்படி ஏறி வருவதுபோல, இழுத்து ஒரு மூச்சு. கடைசிப் பாட்டு முடிந்தது. ஊசி தானாக எழுந்து ஓரத்துக்குப் போனது. மூச்சு மட்டும் நிற்கவில்லை.

தட்டைத் தொட்டுப் பார்த்தேன்; அசையாமல் இருந்தது. மூச்சு என் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், அங்கிள். அப்பா கதவைத் திறந்து, அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே இருப்பவர் யார் என்று கேட்டார். என் தாத்தா, செத்துப்போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் பட்டென்று சொன்னேன். அவருடைய கண்கள் மெதுவாகக் கீழே, தன் முகத்துக்கு இறங்கின.

அதற்குள் வடைத் தட்டோடு வந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! உசுரோட இருக்கறவரு படத்துக்குப் போயி மாலை போட்டிருக்கியே, அறிவிருக்காடி உனக்கு?"

மாலையைக் கழற்றப் போன அம்மாவை அங்கிள் கையைத் தூக்கித் தடுத்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்து, இவர்களிடம் சொல்லிவிட்டீர்களா டாக்டர் என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூடத் தெரியாது என்று திக்கித் திக்கிச் சொன்னார். அங்கிள் அப்பாவிடம் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்ததும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அப்பா சொல்லியிருந்ததும், சொந்த மகளுக்குக்கூடத் தெரியக் கூடாதென்று அவர் வாக்கு வாங்கியிருந்ததும் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவை.

அங்கிள் என் உயரத்துக்குக் குனிந்தார். அப்படியானால் உனக்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை என்றேன். தாத்தாவுக்குப் போட்டாயிற்று, அடுத்தது உங்கள் முறைதானே என்று நியாயத்தையும் எடுத்துச் சொன்னேன். அவருடைய மூச்சு ஏறி இறங்கியது.

அவர் வடையைத் தொடவில்லை. பின்கட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு புல்தரைக்குப் போய் யாருக்கோ போன் செய்தார். நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை திரும்பி என்னைக் கை காட்டினார். என்னைப் பற்றித்தான் புகார் போகிறது என்று நினைத்து அம்மா பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம், விமான நிலையத்திலிருந்து நேராக ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கிளின் மகளாம். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மண்டியிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைத் திட்டுவதற்கென்றே அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வரவழைத்துவிட்டார்களே என்று பயந்து, நானும் அவள் தோளில் ஓவென்று அழுதேன்.